மூலத்தின் மேல் அச்சான உரை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடுத்த மூன்றாண்டுகளுக்குள் நியூயார்க்கின் ஹார்ப்பர் பதிப்பகம் அந்தப் போரின் வரலாற்றைப் படங்களோடு இரண்டு பெருந்தொகுதிகளாகக் கொண்டுவந்துவிட்டது. மலை, கணவாய், ஆறு, பீரங்கிப் படகு, கோவேறு கழுதை, தளபதி என்று எல்லாவற்றுக்கும் அதில் மரச்செதுக்குப் படம் உண்டு. அடிமைமுறைதான் அந்தப் போரின் வேர். அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களோ அந்தப் படங்களில் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறார்கள், அல்லது இல்லவே இல்லை.

கறுப்பினப் பெண் ஓவியர் காரா வாக்கர் 2005இல் இந்தத் தொகுதிகளிலிருந்து 15 படங்களை எடுத்துக்கொண்டார். அவற்றை ஆஃப்செட் லித்தோ முறையில் பெரிதாக்கி, மேலே கறுப்பு நிழலுருக்களை ஸ்கிரீன் பிரிண்ட் செய்தார். எண்ணிட்ட பிரதிகள் 35. பழைய நூலின் பெயரையே இந்த வரிசைக்கும் வைத்தார். அடைப்புக்குறிக்குள் ஒன்றை மட்டும் சேர்த்தார்: ‘குறிப்புரையுடன்’.

தமிழ் படித்தவள் என்பதால் அந்தச் சொல்லில்தான் நான் முதலில் நின்றேன். நம் மரபில் உரை மூலத்துக்குக் கீழே வரும், பணிந்து விளக்கும். வாக்கரின் உரையோ மூலத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து அதை மறைக்கிறது. இந்த வரிசையில் ஒரு படத்தின் தலைப்பு ‘மக்ஃபெர்சன் இறந்த இடம்’. இன்னொன்று ‘ஜெனரல் போல்க் வீழ்ந்த பைன் மலை உச்சி’. முன்னவர் வடக்குப் படையின் தளபதி, பின்னவர் தெற்குப் படையின் தளபதி. இருவரும் 1864இல் ஜார்ஜியா மண்ணில் இறந்தவர்கள். எதிரெதிரே நின்ற இரண்டு ஆண்களின் சாவுக்கும் இடம் உண்டு, பெயர் உண்டு, நடுகல் போல ஒரு படமும் உண்டு. அதே மண்ணில் பருத்திக் காட்டில் மாண்ட அடிமைப் பெண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. ‘பஸ்ஸர்ட்ஸ் ரூஸ்ட் கணவாய்’ என்ற படத்தில் வாக்கர் அவளைக் கொண்டுவருகிறார். பிணந்தின்னிக் கழுகுகள் அடையும் இடம் என்பது அந்தப் பெயரின் பொருள். மலைக்காட்சியின் மேல் அவளுடைய தலையும் முலையும் கையும் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. முழு உடலோடு அவளை அந்த வரலாற்றுக்குள் நுழைக்க வழியில்லை என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

ஸ்கிரீன் பிரிண்டிங் நமக்குப் புதிதல்ல. கல்யாணப் பத்திரிகையும் மஞ்சப்பையும் அப்படித்தான் அச்சாகின்றன. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் வேண்டாத கண்களை அடைத்துவிட்டு, ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் திறந்த கண்கள் வழியே மை தாளில் இறங்கும். ஆயிரம் பிரதி வேண்டுமானாலும் அடிக்கலாம். போராட்டச் சுவரொட்டி அடிப்பவர்கள் இந்த முறையை விரும்பியதற்கு அதன் மலிவும் வேகமும்தான் காரணம். கலைச்சந்தை அதற்கு ஓர் எல்லை போடுகிறது. இத்தனை பிரதி போதும், திரையைக் கழுவிவிடு என்கிறது. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் ஏறுகின்றன. பற்றாக்குறையை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். விலை அதிலிருந்து பிறக்கிறது.

வகுப்பில் இந்தப் படங்களைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: “இதைக் காசு குடுத்து வாங்கி வீட்ல மாட்டுவாங்களாம்மா?” சரியான கேள்வி. ஒரு காலத்தில் ஏலமேடையில் விலை பேசப்பட்ட உடல் அது. இன்று அதன் படமும் ஏலத்துக்கு வருகிறது.

இதே சங்கடத்தை உரக்கச் சொன்னவர் மூத்த கறுப்பின ஓவியர் பெட்யே சார். விளம்பரங்களில் சிரித்துக்கொண்டிருந்த கறுப்புப் பணிப்பெண் ‘ஆன்ட் ஜெமைமா’வின் கையில் 1972இலேயே துப்பாக்கியைக் கொடுத்தவர் அவர். வாக்கருக்கு 1997இல், 27 வயதில், மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அப்போது, வாக்கரின் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று சார் பலருக்கும் கடிதம் எழுதினார். இழிவான உருவங்கள் வெள்ளைக் கலையுலகின் கேளிக்கையாகின்றன என்பது அவருடைய வாதம். இதைத் தலைமுறைப் பொறாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யார் பார்த்து ரசிக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று கேட்பது பெண்ணிய விமர்சனத்தின் அடிப்படை வேலை. ஆனால் அவர் சொன்ன தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த உருவங்களை நாமும் மறைத்தால், ஹார்ப்பர் நூல் செய்த வேலையைத் தொடர்ந்தவர்கள் ஆவோம்.

வாங்குபவர்களுக்கு வருவோம். போர்ட்லண்ட் நகரத்து ரியல் எஸ்டேட் தொழிலதிபர் ஜோர்டன் ஷ்னிட்சர், வாக்கரின் அச்சுப்படங்களைப் பெருமளவில் சேர்த்திருப்பவர். அவருடைய சேகரிப்பிலிருந்து, அடிமைமுறையும் அதிகாரமும் பற்றிய வாக்கரின் கதைகள் என்ற பொருளில் ஒரு கண்காட்சி உருவாகி ஊர் ஊராகச் சென்றது. பூட்டிவைக்காமல் இரவல் கொடுப்பது மதிக்க வேண்டிய செயல். கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்துக்கு ஷ்னிட்சரின் பெயர்தான். தளபதிக்குப் பெயர் இருக்கிறது, சேகரிப்பாளருக்குப் பெயர் இருக்கிறது. சிதறிக் கிடக்கும் அந்தப் பெண் இன்னமும் பெயரில்லாதவள்.

அப்படியென்றால் இவற்றைச் சேகரிக்கலாமா? சேகரிக்க வேண்டும் என்பேன். எண்ணிட்ட அச்சுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எவரும் அதைத் தனி ஒருவராகச் சொந்தம் கொண்டாட முடியாது. ஒரு பிரதி ஒருவர் வீட்டில் இருக்கும்போதே இன்னொன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2017இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் இந்த வரிசை முழுவதையும் மக்கள் பார்வைக்கு வைத்தது. வைத்திருப்பவருக்கு உள்ள ஒரே நியாயம், காட்டுவது. வன்முறையின் படத்தை அலமாரிக்குள் கிடத்தி விலை ஏறக் காத்திருப்பவர், அந்த உடலை இரண்டாம் முறை சரக்காக்குகிறார்.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். எந்தக் காட்சிக்கூடத்துக்குப் போனாலும் படத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டையும் படியுங்கள். வரைந்தவர் யார் என்று ஒரு வரி இருக்கும், உடைமையாளர் யார் என்று இன்னொரு வரி இருக்கும். படத்துக்குள் இருப்பவள் யார் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அங்கே நிற்பவர்களிடம் கேளுங்கள்.