வித்தைப் பிரிவுகளும் ஆவியின் வரங்களும்

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கி வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கற்பனைப் பாத்திர விளையாட்டு, அந்நாட்டுக் கிறிஸ்தவர் பலரிடையே பெருங்கலக்கத்தை விளைவித்தது. 1984இல் ஜாக் சிக் என்பார் வெளியிட்ட படக்கதைத் துண்டுப்பிரசுரம், இவ்விளையாட்டு மெய்யான சூனியத்திற்கு வாயிலாகிறது என்று குற்றஞ்சாட்டியது. ஒரு நூலைப் படியாமல் அதன்மேல் தீர்ப்புரைப்பது, பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளைக்கு மாறாகும். ஆகவே அவ்விளையாட்டின் விதிகளில் ஒரு பகுதியை, அதாவது தனித்துறை மந்திரவாதிகளைப் பற்றிய விதிகளை, இங்கு ஆராய்கிறோம்.

விளையாடுவோர் மேசையைச் சுற்றி அமர, ஒருவர் கதையை நடத்துவார். பகடையே பல நிகழ்வுகளை முடிவுசெய்யும். பழைய பதிப்புகளில் மந்திரவாதியாக வருபவர் தம் ஏட்டிலிருந்து மந்திரங்களை மனனம் செய்தார். ஒருமுறை பயன்படுத்தியதும் மந்திரம் நினைவைவிட்டு அகன்றது. ஜாக் வான்ஸ் என்பாரின் கதைகளிலிருந்து பெறப்பட்ட கருத்து இது. 1978ஆம் ஆண்டு விதிநூலில் மாயத்தோற்றக்காரர் மட்டும் தனிவகையினராக இருந்தார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்போ காப்பு, உருமாற்றம், வருவித்தல், குறிபார்த்தல், மனவசியம், மாயத்தோற்றம், ஆற்றலெழுப்பல், இறந்தோர்வித்தை என எட்டுப் பிரிவுகளுக்கும் தனித்துறையினரை அனுமதித்தது. அப்பதிப்பில் தனித்துறையினருக்கு ஒவ்வொரு மந்திரப்படியிலும் ஒரு மந்திரம் கூடுதலாகக் கிடைத்தது. அதற்கு ஈடாக எதிர்ப்பிரிவுகளை அவர் கற்கவே இயலவில்லை. இறந்தோர்வித்தையைத் தேர்ந்தவருக்கு மாயத்தோற்றமும் மனவசியமும் விலக்காயிருந்தன. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்விலக்கு நீங்கிற்று.

இவ்விதிகளில் ஒருவர் மெய்யாகச் செய்யத்தக்க சடங்கு எதுவும் இல்லை. உள்ளவை எண்களும் பட்டியல்களுமே. உபாகமம் 18:10–11 குறிசொல்வோரையும் இறந்தோரிடம் குறிகேட்போரையும் விலக்குவதன் காரணம், ஆண்டவரையன்றி வேறொன்றை வழிகாட்டியாக நாடுவதாகும். விளையாடுபவர் எவரிடமும் குறி கேட்பதில்லை. கேட்கும் ஒருவரைக் கற்பனை செய்கிறார். இவ்வேறுபாட்டை மறைப்பது நேர்மையன்று.

அன்றியும், இவ்விதியில் ஓர் உண்மை புதைந்துள்ளது. ஒன்றில் ஆழ்பவர் மற்றொன்றை இழக்கிறார். ஆகையால் அவருக்குத் தோழர் வேண்டும். போர்வீரரோ குருவோ மந்திரவாதியோ தனித்து வெல்வது அரிது. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பைத் தேவையற்றது எனத் தள்ள இயலாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது நம் நினைவிற்கு வருகிறது.

ஆயினும் ஒப்புமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. விளையாட்டில் ஆற்றல் தேர்ந்துகொள்ளப்படும் உடைமை. அனுபவப் புள்ளிகளால் அது வளரும். பவுல் காட்டும் வரங்களோ ஆவியானவர் தம் சித்தப்படி பகிர்ந்தளிப்பவை, அவை பொதுநன்மைக்கானவை (1 கொரி. 12:7, 11). சமாரியாவின் சீமோன் பிழைத்தது மந்திரம் அறிந்திருந்ததால் மட்டுமன்று, தேவனுடைய ஈவையும் விலைக்குப் பெறத்தக்க ஆற்றலென எண்ணியதாலுமாம் (அப். 8:18–20).

இந்நோக்கில் மந்திரவாதியைவிட அவ்விளையாட்டின் குருவே நமக்கு மிகுந்த கவலை தருகிறார். அவர் தம் தெய்வத்தை வேண்டி, தம் படிக்குரிய எண்ணிக்கையில் மந்திரங்களைப் பெறுகிறார். அங்கு ஜெபம், வித்தைகளுள் மற்றொரு வித்தையாகிவிடுகிறது. அருள், அளந்து வழங்கும் பண்டமாகிவிடுகிறது. சூனியத்தின் பெயரைக் கண்டு அஞ்சுவோர் இதனைக் காணத் தவறலாகாது.

இக்குறை விளையாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஜெபத்தின் பலனை எண்ணிக்கையால் அளக்கும் ஊழியர் நம்மிடையே இல்லையா? குணமாக்கும் வரத்தைத் தம் பெயரோடு பட்டமாகச் சூட்டிக்கொள்வோர் இல்லையா? இறையியல் கல்லூரியிலும், வேதஆராய்ச்சியைத் தேர்ந்தவர் ஆயர்பணியையும், ஆயர்பணியைத் தேர்ந்தவர் வேதஆராய்ச்சியையும் தமக்கு விலக்கப்பட்ட பிரிவாகக் கருதும் போக்கு உண்டு. விதிநூல் அதனை இழப்பு என்றாவது ஒப்புக்கொள்கிறது. நாமோ அதனைத் தேர்ச்சி என்கிறோம்.

ஆகவே, இவ்விளையாட்டில் ஈடுபட்ட இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தால், நூலைத் தீயிலிடச் சொல்வது ஆயரின் முதற்கடமையன்று. அவர் ஏற்ற பாத்திரம் யாது, எதனை அடைய விரும்பிற்று என்று பொறுமையோடு கேட்போம். ஆற்றலை நாடும் அவ்வுள்ளத்திற்கு, வேண்டிப்பெறும் ஈவு இன்னதென்று நம் வாழ்வால் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.