துள்ளும் தண்ணீரும் தூங்கும் தண்ணீரும்

இலங்கையின் சீகிரியாவுக்குப் போகிறவர்களின் கண் குன்றின் மேலேயே இருக்கிறது. ஓவியங்களையும் சிங்கப் பாதங்களையும் பார்க்கும் அவசரத்தில், மேற்கு வாயிலில் தொடங்கும் நீர்த்தோட்டங்களை வெறும் வழியாகக் கடந்துவிடுகிறார்கள். அதைக் கட்டிய மன்னன் காசியப்பனின் (ஆட்சி 477–495) கைவினைஞர்களை எடைபோட வேண்டிய இடம் அதுதான்.

முதலில் இரண்டு பெருமைகளைக் கழித்துவிட வேண்டும். இவை உலகின் முதல் நீரூற்றுகள் அல்ல. கி.பி. 79-இல் எரிமலையில் புதையுண்ட பொம்பேயில் நீரூற்றுகள் இருந்தன. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் முதலாம் நூற்றாண்டிலேயே நீர் விளையாட்டுக் கருவிகளைப் பற்றி எழுதிவிட்டார். அடுத்தது, தரையிலிருந்து ஏதோ பொறி வைத்து உச்சிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள் என்ற பேச்சு. இதற்கு உறுதியான சான்று கிடையாது. உச்சியில் பாறையைக் குடைந்த 27 மீட்டருக்கு 21 மீட்டர் குளத்துக்கு மழையே போதும்.

கழித்த பிறகும் மிஞ்சுவது பெரிது. ஊற்றருகே குனிந்து பாருங்கள்: வட்டமான சுண்ணாம்புக்கல் பலகை, அதில் ஒழுங்காகத் துளைத்த சிறு துளைகள், அடியில் மண்ணுக்குள் ஓடும் கால்வாய். வேறு எதுவும் இல்லை. நிலத்தின் சரிவு தரும் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தச் சரிவு சிறிது என்பதால் நீர் வானுக்குப் பாய்வதில்லை, துள்ளுகிறது. இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிடைக்கும் அழுத்தம் கொஞ்சம்தான் எனும்போது, அதை வழியில் சிந்தாமல் கொண்டுவந்து சேர்ப்பதே கடினமான வேலை. 1500 ஆண்டுகள் கழித்தும் நல்ல மழை பெய்தால் அவை துள்ளுகின்றன.

மத்திய கலாசார நிதியத்தின் அகழ்வில் 1980-களில் வெளிப்பட்ட சிறு நீர்த்தோட்டம் இன்னும் நுட்பமானது. அங்கே நீர் எழுந்ததே இல்லை. கூழாங்கல் பாவிய தளத்தின் மேல் மெல்லிய படலமாக, அவசரமில்லாமல் நகர்ந்தது. மாத்தளை மாவட்டத்தின் வெயிலில் அது காற்றைக் குளிர்வித்தது, காதுக்கு ஓசை தந்தது, கண்ணுக்கு மினுங்கியது. ஒரு சாண் தண்ணீர்கூட இல்லாமல் மூன்று சுகம். ஊற்றைவிட இதைத்தான் நான் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன்.

இந்தக் கைத்திறன் வானத்திலிருந்து விழவில்லை. காசியப்பனின் தந்தை தாதுசேனன் கலாவாவி என்ற ஏரியைக் கட்டியவன். அங்கிருந்து அனுராதபுரம் போகும் சுமார் 87 கிலோமீட்டர் கால்வாயின் தொடக்கப் பகுதியில் சரிவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீட்டர்தான். வயலுக்காக அந்த நுண்மையைப் பழகிய கைகளே இங்கே அரசனின் சுகத்துக்காக உழைத்தன. ஆகவே சீகிரியாவின் புகழில் பெரும்பங்கு குளம் வெட்டியவர்களுக்கும் துரிசு காத்தவர்களுக்கும் உரியது. காசியப்பனுக்கு உரியது ரசனை. அந்த ரசனையையும் நான் சிறிதாக்க மாட்டேன், ஆனால் வரிசையில் அது இரண்டாவதுதான்.

சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்லும் கதை இது: செல்வத்தை எங்கே ஒளித்தாய் என்று மகன் கேட்டனுப்ப, தாதுசேனன் கலாவாவியில் இறங்கிக் குளித்து, தன்னிடம் உள்ளது இந்தத் தண்ணீர்தான் என்றானாம். அதற்காக அவனைக் கொன்ற மகன், சீகிரியாவில் தன் செல்வத்தையெல்லாம் கொட்டிக் கட்டியதும் தண்ணீரைத்தான்.