ஓரத்தில் நின்றவர்

அம்பத்தூரில் இருக்கும் என் மருமான் ஒரு காமிரா வாங்கினான். 'ஃபுல் பிரேம்' என்கிறார்களே, அந்த ஜாதி. படம் பதிகிற சில்லு அதில் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். 1925-ல் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தபோது பிலிமில் ஒரு படம் அடைத்துக்கொண்ட இடமும் இதே அளவுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய அளவுக்குத் திரும்பிப் போக இத்தனை பணம் வேண்டியிருக்கிறது!

காமிராவோடு அவனுக்கு ஒரு வியாதியும் வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுச் செங்கல் சுவரைப் படம் எடுப்பான். கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கி மூலைக்குப் போவான். "பாருங்க மாமா, ஓரமெல்லாம் கரைஞ்சு கிடக்கு. இந்த லென்ஸ் உதவாது" என்பான். லென்ஸுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களில் பலர் இப்படிச் சுவரைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் இருப்பதை விட்டுவிட்டு மூலையைத் துருவுவது புத்தக விமர்சகர்களின் குணம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

போன ஆடியில் அந்தச் சிரிப்பு நின்றது.

அங்கே தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. அதற்கு முந்தைய ஆயுத பூஜைக்கு அவர்களைக் கூட்டமாக நிறுத்தி மருமான்தான் படம் எடுத்திருந்தான். முற்றம் குறுகல், அகலக் கோண லென்ஸைப் போட்டுக் கிட்டத்தில் நின்று எடுத்தான். சாயங்கால வெளிச்சம் போதவில்லையென்று லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து வைத்தான். நடு நாற்காலியில் முதலாளி. இடது கோடியில், ஆவடியிலிருந்து தினம் ரயிலில் வந்து போகும் ஒரு வயதான ஹெல்பர். ஆடியில் அவர் காலமாகிவிட்டார். அவருடைய பெண் வந்து கேட்டாள்: "அப்பா முகத்தை மட்டும் பெரிசு பண்ணிக் குடுங்கண்ணா. மாலை போடணும். வேற படம் இல்லை."

பெரிதாக்கினான். முதலாளியின் மீசையை ரோமம் ரோமமாக எண்ணலாம். ஹெல்பரின் முகம் ஆவிக்குப் பின்னால் தெரிவது போல இருந்தது. அகலவாட்டில் இழுபட்டும் இருந்தது.

இதற்குக் காரணம் சொல்லலாம். லென்ஸின் நடுவே போகும் ஒளி நேராகப் போகிறது. ஓரத்துக்குப் போவது சாய்ந்து போகிறது. லென்ஸுக்கு இயல்பான பிம்பம் கிண்ணம் போல வளைந்தது, சில்லோ தட்டையானது. இரண்டையும் பொருத்துவதற்குத்தான் லென்ஸ் செய்பவர்கள் இத்தனை காலமாக மன்றாடுகிறார்கள். 1840-ல் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித ஆசிரியர் வகுத்த லென்ஸில் நடு துல்லியம், ஓரம் கரைசல். ஒற்றை முகத்தைப் படம் பிடிக்க அதுவே யோகமாகிவிட்டது.

சிறிய சில்லு வைத்த டிஜிட்டல் காமிராக்கள் இந்தக் குறையை நமக்குக் காட்டாமல் மறைத்தன. அவற்றில் நடுவிலிருந்து மூலைக்கு 14 மில்லிமீட்டர்தான் தூரம். ஃபுல் பிரேமில் அது கிட்டத்தட்ட 22. லென்ஸின் நடுப் பங்கை மட்டும் தின்றுகொண்டிருந்த நமக்கு இப்போது ஓரத்தையும் பரிமாறுகிறார்கள். போதாக்குறைக்குச் சில்லின் மேல் ஒரு கண்ணாடி மூடி. சாய்ந்து வரும் ஒளி அதில் தடுமாறுவதால், பிலிமில் நன்றாக உழைத்த சில பழைய லென்ஸுகள் இங்கே இன்னும் மோசமாகத் தெரிகின்றன.

இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. சுவரைப் படம் எடுப்பவர்களுக்கு ஓரம் கரைந்தால் லென்ஸே குப்பை. ரஸிகர்களோ, "மூலையை யார் பார்க்கிறார்கள்? கரைவதுதான் அழகு" என்கிறார்கள். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. ஓரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஓரத்தைப் பற்றிப் பேசுவது வீண். பூந்தமல்லியில் பூத் தொடுக்கும் கிழவியின் முகத்தை எடுத்தால், சுற்றிலும் கடைத்தெரு கரைந்து போவது அழகுதான். செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்தால் மூலையில் இருப்பது வானம். வானம் யாரிடமும் புகார் சொல்லாது. கூட்டப் படத்தில் மட்டும் ஓரத்தில் மனிதன் நிற்கிறான். அங்கே யாரை நிறுத்துகிறோம் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆகவே குற்றம் லென்ஸின் மேல் மட்டும் இல்லை. அன்று அதன் வாயை எஃப் 8-க்குச் சுருக்கி, காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வாசலுக்கு வெளியே போய் நின்று சாதாரண லென்ஸில் எடுத்திருந்தால் முகம் பிழைத்திருக்கும். என் சிறு வயதில் ஸ்டூடியோக்காரர் நாற்காலிகளைச் சற்று வில்லாக வளைத்துப் போடச் சொல்வார். வளைந்த பிம்பத்துக்கு வளைந்த வரிசை! இன்றைய லென்ஸுகள் அந்த நாளையவற்றைவிட எவ்வளவோ மேல். கோணலையும் மூலை இருட்டையும் காமிராவே திருத்திவிடுகிறது. ஆனால் பதியாத இமையை எந்தக் கணக்கும் வரைந்து தராது.

நானும் பேசத் தகுதியுள்ளவன் அல்ல. என் நாவல்களைப் புரட்டிப் பார்க்கிறேன். கதாநாயகியின் மூக்குத்திக் கல்லின் நிறம் வரைக்கும் எழுதியிருக்கிறேன். அவள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கு ஒரு முகம் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

மருமான் ஹெல்பரின் படத்தைக் கார்டு அளவில் அச்சுப் போட்டுக் கொடுத்தான். அதற்கு மேல் அது தாங்காது. இந்த ஆயுத பூஜைக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். தெருவில் தள்ளி நின்று, எஃப் 8-ல், இரு கோடியிலும் இரண்டு ஆள் நிற்கும் இடத்தைச் சும்மா விட்டு எடுத்தானாம். படத்தைப் பார்த்த முதலாளி, "ரெண்டு பக்கமும் இடம் வீணாப் போயிருக்கே" என்றாராம்.

அவன் பதில் சொல்லவில்லையாம். கோடியில் நின்ற பையனின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினானாம்.