நூறு ரூபாய்தானே என்கிற கணக்கு

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரேயடியாகத் தடை செய்ததிலிருந்து ஒரு வாதம் மட்டும் ஓய்ந்தபாடில்லை. திறமையால் ஜெயிக்கிற ஆட்டத்தை எப்படிச் சூது என்று சொல்லலாம்? நெய்வேலியில் இதைக் கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. கணக்கில் கெட்டிக்காரர்கள், பொறியியல் படித்தவர்கள். ரம்மியைச் சொன்னால் ஜோக்கர் விழுவது அதிர்ஷ்டம்தானே என்று யாராவது மடக்கிவிடுவார்கள் என்பதால், லிமிட் ஹோல்டம் போக்கரைத் துணைக்கு அழைக்கிறார்கள். அதில் எப்போது பந்தயத்தை ஏற்றுவது, எப்போது ஈடுகட்டி நிற்பது, எப்போது சீட்டை மடக்குவது என்பதெல்லாம் சுத்தமான கணக்கு என்கிறார்கள்.

உண்மைதான். அதை மறுப்பவனுக்கு ஆட்டம் தெரியாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழுவினர், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டமுக்கு ஏறக்குறைய முழுத் தீர்வையே கண்டுபிடித்து 2015 ஜனவரியில் வெளியிட்டார்கள். 4,800 செயலிகள் 68 நாள் ஓடி உருவாக்கிய அந்த நிரலுக்குச் செஃபியஸ் என்று பெயர். வெறும் அதிர்ஷ்டத்துக்கு யாரும் தீர்வு தேட மாட்டார்கள்.

நுணுக்கத்துக்கும் குறைவில்லை. 50-100 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு சுற்றில் பந்தயம் 50 ரூபாய், கடைசி இரண்டு சுற்றில் 100. கையில் இரண்டு ஆட்டின். தரையில் எல்லோருக்கும் பொதுவாக விழுந்த மூன்று சீட்டில் இரண்டு ஆட்டின். இன்னொன்று விழுந்தால் ஐந்தும் சேரும். எதிராளி 50 வைக்கிறார், கடைசியாகப் பேசுகிறவர் நீங்கள். வெறுமனே ஈடுகட்டினால் அடுத்த சுற்றில் அவர் மறுபடி 100 வைப்பார். அதையும் கட்ட வேண்டும். இங்கேயே 100 ஆக ஏற்றினால் அவர் தயங்குவார், அடுத்த சுற்றில் பெரும்பாலும் பந்தயம் வைக்காமல் உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். ஆட்டின் விழவில்லையென்றால் நீங்களும் சும்மா இருந்து கடைசிச் சீட்டைக் காசில்லாமல் பார்க்கலாம். கூடுதலாகப் போட்ட 50, ஒரு 100-ஐ மிச்சம் பிடிக்கிறது. நான்காவது சீட்டிலும் ஆட்டின் விழாமல், அவர் தயங்காமல் 100 போட்டாலும் கணக்கு இருக்கிறது. காணாத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. அதாவது வராத சீட்டு வருகிற சீட்டைப்போல நான்கு மடங்கு சொச்சம். தரையில் 600 கிடந்து 100 கட்டச் சொன்னால் கட்டலாம். இதை அழகு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

என் சண்டை கடைசிச் சுற்றில் தொடங்குகிறது. தரையில் 1,000 ரூபாய். நீங்கள் கட்ட வேண்டியது 100. தப்பாக மடக்கினால் நஷ்டம் 1,000, தப்பாகக் கட்டினால் நஷ்டம் வெறும் 100. எனவே பதினொரு முறையில் ஒரு முறை ஜெயித்தாலே கட்டுவதில் நஷ்டமில்லை என்கிறது கணக்கு. வரம்பு வைத்த பந்தயம் ஆளைக் காப்பாற்றும் என்பார்கள். ஆனால் அந்த வரம்புதான் ஒவ்வொரு முறையும் 'நூறு ரூபாய்தானே' என்று கணக்கின் வாயாலேயே சொல்ல வைக்கிறது. பத்து முறை கட்டித் தோற்றவரிடம் பத்தும் சரியான முடிவுகளே என்று சொல்லலாம், அது பொய்யாகாது. அந்தச் சரி எப்போது காசாகும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நூறு கைக்கு ஒரு பெரிய பந்தயம், அதாவது நம் ஆட்டத்தில் 100 ரூபாய், சம்பாதித்தால் நல்ல ஆட்டக்காரர் என்பது லிமிட் ஆடுகிறவர்களின் பழைய அளவுகோல். அதே நூறு கையில் 1,500, 1,600 ரூபாய் மேலேயோ கீழேயோ போய்வருவது சாதாரணம். ஏற்ற இறக்கத்துக்குச் சமமாகத் திறமையின் வருமானம் வளர, 25,000 கைக்கு மேல் ஆட வேண்டும். மணிக்கு 30 கை ஓடுகிற மேசையில் அது 850 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட் போட்டால் நூறு ஷிப்டைத் தாண்டும். அத்தனையும் ஆடி முடித்த பிறகும் இப்படிப்பட்ட கெட்டிக்காரர்களில் ஆறில் ஒருவர் நஷ்டத்தில்தான் எழுந்திருப்பார். செஃபியஸை வெல்ல முடியாது என்று சொல்வதற்கு ஆல்பர்ட்டாக்காரர்கள் வைத்துக்கொண்ட அளவே, ஒரு மனிதன் தினம் 12 மணி நேரம், மணிக்கு 200 கை, 70 வருடம் ஆடுவது. திறமையை நிரூபிக்க அவ்வளவு நீளமான ஆயுள் தேவைப்படுகிறது!

நெய்வேலிக்காரருக்கு இதைப் புரியவைக்கச் சுரங்கமே போதும். 1957 மே மாதம் நேரு வெட்டுப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல். நான்கு வருடம் மண்ணை மட்டும் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், கீழிருந்து பீறிட்ட ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே. அரசாங்கத்தின் கஜானாவுக்கு அது தாங்கியது. அதைவிட முக்கியம், துளை போட்டுப் பார்த்து, கீழே படிவம் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே இறங்கினார்கள். சீட்டு மேசையில் உட்காருகிறவருக்குத் தன்னிடம் அந்தப் படிவம் இருக்கிறதா என்பதே 25,000 கை ஆடாமல் தெரியாது. கஜானாவோ மாதச் சம்பளம். ஆட்டம் சொல்லித்தருகிறவர்களே முந்நூறு பெரிய பந்தயம் தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். நூறு ரூபாய் ஆட்டத்துக்கு முப்பதாயிரம், அதுவும் தொலைந்தால் பள்ளிக் கட்டணமோ மளிகைக் கடனோ பாதிக்காத முப்பதாயிரம். நிரந்தர வேலையில் இருப்பவர் ஒருவேளை எடுத்து வைக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளி எங்கே போவார்?

ஆன்லைனில் கை வேகமாக ஓடும், நாலு மேசையில் ஒரே நேரத்தில் ஆடலாம், நீண்ட காலம் சீக்கிரம் வந்துவிடும் என்று பதில் வருகிறது. வரும். கூடவே கமிஷனும் வேகமாக ஓடும். செஃபியஸ் தீர்த்த ஆட்டத்தில் மேசைக்காரன் கமிஷன் கிடையாது என்பதை இந்த வாதம் பேசுகிறவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு செஃபியஸை எதிரெதிரே உட்காரவைத்துச் சீட்டுப் போடும் இடத்தை மாற்றி மாற்றி ஆடவிடுங்கள். கமிஷன் இல்லாவிட்டால் இருவருக்கும் லாப நஷ்டம் பூஜ்யம். தரையில் விழுகிற பணத்தில் சிறு சதவீதம் எடுக்கத் தொடங்கினால், உலகத்திலேயே குறையில்லாமல் ஆடத் தெரிந்த இருவரும் ஒன்றாகப் போண்டியாவார்கள். அத்தனை கையிலும் நிச்சயமாகச் சம்பாதிப்பவன் எப்போது ஏற்றுவது, எப்போது ஈடுகட்டுவது என்று தெரிந்துகொள்ளாத ஒருவன்தான். நீண்ட காலம் சொந்தமாக இருப்பதும் அவனுக்கு மட்டுமே.

ரம்மியில் திறமையே பிரதானம் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சத்யநாராயணா வழக்கில் சொன்னதை இந்தத் தரப்பு மனப்பாடமாக ஒப்பிக்கும். அதே தீர்ப்பு, பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடம் நடத்துகிறவர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. வாதாட வருகிறவர்கள் அந்தப் பாதியையும் கையோடு கொண்டுவரட்டும்.