இயந்திரத்தின் சாட்சியம்

பிரித்தானிய ஐ.டி.வி. தொலைக்காட்சி 2024 சனவரியில் ஒளிபரப்பிய ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’ என்னும் நான்கு பகுதி நாடகம் நம் மனச்சான்றைத் தொடுகிறது. ‘ஹொரைசன்’ கணினி பிழையாகக் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை அஞ்சலகம் நடத்திய எளியோர் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். டோபி ஜோன்ஸின் அடக்கமான நடிப்பில் அவர்களது பொறுமையைக் காண்கிறோம்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்ட விழைகிறோம். அதிகாரிகளின் ஆணவத்தைக் காட்டும் நாடகம், கணினி சரியாகவே இயங்கியது என்று முன்கூட்டியே கொள்ளும் ஆங்கிலேயச் சட்டநெறியைப் போதிய அளவு வினவவில்லை. மனிதச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் நீதிமன்றம், இயந்திரச் சாட்சிக்குத் தலைவணங்கலாமா?

‘கம்ப்யூட்டர் வீக்லி’ இதழ் 2009-லேயே இந்த அநீதியை எழுதியது. 2024 மே மாதச் சட்டம் அத்தீர்ப்புகளை நீக்கிற்று. செய்தியாய்க் கேட்டபோது அசையாமல், நாடகமாய்க் கண்டபின் கலங்கிய நெஞ்சங்களை எச்சட்டம் திருத்தும்?