ஆங்கில வழி வகுப்பில் தமிழுக்கு எது இடம்?

2012–13 கல்வியாண்டு முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. சாத்தான்குளம் வட்டாரம் போன்ற இடங்களில் வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசும் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பது, உடனே அதைத் தமிழில் சொல்வது: ஆசிரியர்கள் கைக்கொள்ளும் வழி பெரும்பாலும் இதுதான்.

ஆங்கில வழி என்றால் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று இதைக் கண்டிப்பவர்கள் உண்டு. நான் ஆசிரியர் பக்கம். புரியாத மொழியில் ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்திருப்பது படிப்பாகாது. ஒரு மொழியில் பெற்ற அறிவு இன்னொரு மொழியிலும் கைகொடுக்கும் என்று கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே வாதிட்டார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அடுத்து தமிழ் வரும் என்று தெரிந்த பிள்ளை ஆங்கில வரியைக் காதில் வாங்குவதே இல்லை. பிறகு கரும்பலகையில் இருக்கும் விடையைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, தேர்வில் ஒப்பிக்கிறது. புரிந்தது தமிழில், மதிப்பெண் ஆங்கிலத்தில். நடுவில் அது சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை.

வேல்ஸ் நாட்டுக் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1994-இல் விவரித்த முறை இதற்கு நேர்மாறு: ஒரு மொழியில் வாசித்துவிட்டு, மற்ற மொழியில் பேசவோ எழுதவோ வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி வேலை.

ஆவியாதல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பயினி எனப்படும் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவதைப் பனைத்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை அன்றாடம் பார்க்கிறது. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளப் பாத்தியில் வெயிலுக்கே நீர் வற்றுகிறது. அடுப்பில் கொதித்து வற்றுவதற்கும் வெயிலில் வற்றுவதற்கும் என்ன வேறுபாடு? இதைப் பத்து நிமிடம் தமிழில் பேசவிட்டு, ‘பாயிலிங்’, ‘எவாபரேஷன்’ என்ற சொற்களைப் பலகையில் எழுதலாம். அதன்பின் பாடத்தை ஆங்கிலத்தில் நிறுத்தாமல் வாசிக்கலாம். கடைசியில் பிள்ளையே இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதட்டும், பிழையோடு இருந்தாலும் சரி.

இதற்கு நேரம் பிடிக்கும், பாடத்திட்டம் துரத்தும். வகுப்பில் வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளை இருந்தால் அதற்குத் தமிழும் புதிது. அந்தப் பிள்ளைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆனாலும் வரிக்கு வரி சொல்வதைவிட இது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் விடை சொல்லாத பிள்ளையை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்க்கும் முன், அதே கேள்வியைத் தமிழில் ஒருமுறை கேளுங்கள்.