விலை தெரிகிறது, மிளகு தெரியவில்லை: சந்தை வீடியோக்கள் பற்றிச் சில குறிப்புகள்

பேளுக்குறிச்சி சந்தையைப் பற்றி யூடியூபில் கிடக்கும் வீடியோக்களைப் போன வாரம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். நீளமானவை, ஷார்ட்ஸ், ரீல்ஸ் என்று கலந்துகட்டி. கிலோ என்ன விலை என்பது எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரிகிறது. மிளகு எப்படி இருக்கிறது என்பது ஒன்றிலும் சரியாகத் தெரியவில்லை. மளிகைக்குப் பேர்போன சந்தையைப் பற்றிய வீடியோவில் சரக்கே தெரியவில்லை என்றால், பத்து நிமிஷம் எதைத்தான் காட்டுகிறார்கள்?

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேளுக்குறிச்சி நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர். வாரச் சந்தை எல்லா ஊரிலும்தான் கூடுகிறது, ஆனால் இந்த ஊருக்குப் பெயர் வந்தது மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், சோம்பு, பட்டை, ஏலக்காய் என்று அஞ்சறைப்பெட்டிச் சாமான்களால். கோடை தொடங்கும் மாதங்களில் வருசத்துக்கும் சேர்த்து மளிகை வாங்கிப் போட வெளி மாவட்டங்களிலிருந்துகூட ஜனம் வரும். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அம்மாவோ மாமியாரோ கைகாட்டிவிட்ட பழக்கம். மீதிப் பேர் இப்போது வீடியோ பார்த்து வருகிறார்கள்.

அந்த வீடியோக்களுக்கு ஒரு அச்சு இருக்கிறது. "வணக்கம் மக்களே" என்று ஆரம்பிக்கும். அடுத்து டிரோன். மலை தெரியும், மேகம் தெரியும். சந்தை அடிவாரத்தில் இருந்தாலும் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் எப்படியாவது உள்ளே வந்துவிடும், ஏனென்றால் அது பார்க்க அழகு. பிறகு ஒரு கடை, "அண்ணா, மிளகு என்ன ரேட்?", ஒரு பதில். அடுத்த கடை, "அக்கா, சீரகம் என்ன ரேட்?", இன்னொரு பதில். இப்படியே பதினைந்து கடை. நடுவில் எங்கோ "நம்பவே முடியலைங்க" என்று ஒரு வியப்பு. கடைசியில் லைக், ஷேர், பெல் பட்டன். தம்ப்நெய்லில் மூட்டை மேல் சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்த ஒரு முகம், கொட்டை எழுத்தில் ஒரு விலை.

இவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதும் இவர்கள்தான். எனக்கு உறுத்துவது வேறு. ரேட் மட்டும் கேட்கிற வீடியோ, கேட்கப்படாத ஒருவரை அடிக்கிறது. நன்றாகக் காய்ந்த, கனமான மிளகு வைத்திருப்பவர் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடச் சொன்னால், திரையில் அவர் வெறும் "காஸ்ட்லி கடை". பக்கத்துக் கடையில் பொக்கு மிளகு வைத்திருப்பவர் "சீப் அண்ட் பெஸ்ட்". இரண்டும் கேமராவுக்குக் கறுப்பு உருண்டைதான். கமெண்டில் யாராவது "முதல் கடைக்காரர் ஏமாத்துறார்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அடுத்த வருசம் அந்த முதல் கடைக்காரர் என்ன சரக்கு கொண்டுவருவார் என்று நினைக்கிறீர்கள்?

இந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஓரளவுக்குத் தளங்களின் கணக்கு முறையிலிருந்து. 2012-இல் யூடியூப் வெறும் கிளிக்கை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்க ஆரம்பித்தது. அதிலிருந்து ஆளை இழுத்துப் பிடித்து வைப்பதே கலையானது. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடையானது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். முதல் மூன்று நொடியில் பிடிக்காவிட்டால் கட்டைவிரல் மேலே தள்ளிவிடும் என்பது எல்லாருக்கும் பாலபாடமாகிவிட்டது. மூன்று நொடியில் சொல்லக்கூடியது என்ன? ஒரு விலை. "கிலோ இவ்ளோதான்!" என்பதைவிடச் சின்ன ஹூக் கிடையாது.

ஆனால் வியூஸ் என்ற எண்ணிக்கையையே கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்க வேண்டும். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. குறைந்தபட்சம் இத்தனை நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. விரல் தாண்டிப் போகிற வழியில் ஒரு கணம் ஓடினாலும் சேர்த்திதான். சேனல் நடத்துபவருக்கு எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், சந்தோஷம். சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது லட்சம் பேர் இல்லை. மிளகு என்றால் இவரிடம்தான் என்று வருசா வருசம் வரக்கூடிய இருநூறு குடும்பம். வியாபாரத்துக்கு வீடியோ போடுகிறவர்களும் வீடியோவையே வியாபாரமாகச் செய்கிறவர்களும் ஒரே பாடத்தைப் படிப்பதுதான் கோளாறு.

இந்த இடத்தில் எல்லாரும் வில்லேஜ் குக்கிங் சேனலை உதாரணம் காட்டுவார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்கள், ஒரு தாத்தாவும் பேரன்களும். 2018-இல் ஆரம்பித்து 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டார்கள், தமிழ்ச் சேனல்களில் முதலாவதாக. அதைப் பார்த்து நகலெடுத்தவர்கள் எடுத்துக்கொண்டது பெரிய அண்டா, வயக்காடு, வெள்ளை வேட்டி, ஒரு வயசான ஆள். பலதும் ஓடவில்லை. நான் பார்த்தவரை அந்தச் சேனலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சாமானும் உள்ளே விழும்போது அதன் பெயரை உரக்கக் கூவுவார்கள். இஞ்சி என்றால் இஞ்சியும், மல்லித்தூள் என்றால் மல்லித்தூளும்தான் அப்போது திரையில் இருக்கும். கண் பார்ப்பதையே காது கேட்கிறது. அடுத்து என்ன விழப்போகிறது என்று காத்திருப்போம். ஹூக், ஹூக் என்று சொல்கிறார்களே, அது முதல் மூன்று நொடியில் மட்டும் இருப்பதில்லை. சரக்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கொக்கி போடும். பின்னணி இசை போட்டு அமுக்காமல், அரைக்கிற சத்தமும் எண்ணெய் பொரிகிற சத்தமும் கேட்கும்படி விட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சந்தை வீடியோக்களில் முதலில் பலியாவது அந்தச் சத்தம்தான். சந்தையின் இரைச்சலைவிட நல்ல இசை எந்த டிரெண்டிங் ஆடியோவிலும் இல்லை, அதைத்தான் மியூட் செய்கிறார்கள்.

முதலாளியே கேமரா முன் வந்து நிற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரின் சிரிப்பு எத்தனை வருசம் டிவியில் வந்தது. சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் நடிகைகளோடு ஆடியதை ஊரே கேலி செய்தது, ஆனால் ஒருவரும் மறக்கவில்லை. இந்த வரிசையில் எனக்கு முக்கியமாகப் படுவது லலிதா ஜுவல்லரி கிரண்குமார் விளம்பரங்கள். எங்கள் கடையில் விலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், நாலு கடையில் விசாரித்துவிட்டு வாங்கள் என்ற தோரணையில் பேசுவார். அது எவ்வளவு தூரம் நடைமுறை என்பது வேறு விஷயம். பேச்சின் அமைப்பைப் பாருங்கள்: பார்ப்பவர் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறார். வாங்கு என்று சொல்லவில்லை, சோதித்துப் பார் என்கிறார்.

இதையே வாயால் சொல்லாமல் செய்தே காட்டியவர்கள் அமெரிக்காவின் பிளெண்ட்டெக் மிக்ஸிக் கம்பெனி. நிறுவனர் டாம் டிக்சன், மிக்ஸியின் உறுதியைச் சோதிக்க மரக்கட்டையை உள்ளே போட்டு அரைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். மார்க்கெட்டிங் பார்த்தவர் தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்துவிட்டு, இதையே படமெடுத்தால் என்ன என்று 2006-இல் "வில் இட் பிளெண்ட்?" வரிசையை ஆரம்பித்தார். ஆரம்ப வீடியோக்களுக்கு ஆன செலவு சுமார் 50 டாலர்: கோலிக்குண்டு, சருகு வாரும் ஒரு ரேக், இப்படிச் சாமான்கள். மறு வருசம் ஐபோனையே போட்டு அரைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் கற்பனை என்று ஒன்றுமே இல்லை. பட்டறைக்குள் தினமும் நடந்த சோதனையை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

பேளுக்குறிச்சிக்கு அப்படி என்ன சோதனை இருக்கிறது என்று கேட்டால், எக்கச்சக்கமாக இருக்கிறது. மிளகையே எடுத்துக்கொள்வோம். மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய திருட்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லும் எளிய சோதனை: ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் மிளகைப் போடுங்கள். நல்ல மிளகு அடியில் போய் உட்காரும், பப்பாளி விதை மிதக்கும். உள்ளே சதைப்பற்றில்லாத பொக்கு மிளகும் மிதக்கும் என்பதால், மிதப்பதை எடுத்து நகத்தால் நசுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு ஷார்ட்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு கேள்வி இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது, முப்பது நொடியில் விடை கண்ணெதிரே.

இதைவிட எனக்குப் பிடித்தது எடை. மொத்த மிளகு வியாபாரத்தில் லிட்டர் எடை என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் பாத்திரத்தில் தலைதட்டி நிரப்பிய மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்பது. 550 கிராமுக்கு நின்றால் கனமான சரக்கு. 500-க்கும் கீழே இறங்க இறங்கப் பொக்கு அதிகம். அந்த ஐம்பது ரூபாய் எங்கே போகிறது என்பது இங்கே தெரிந்துவிடும். ஒரே அளவு டம்ளர் இரண்டு, இரண்டு ரக மிளகு, ஒரு எலக்ட்ரானிக் தராசு. வசனமே தேவையில்லை. "காஸ்ட்லி கடை"க்காரருக்கு இதுவரை கிடைக்காத பதில், தராசின் சிவப்பு எண்ணில் வந்து நிற்கும்.

சீரகத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால், கரித்தூள் ஏற்றிய புல் விதை கலந்திருந்தால் கை கறுக்கும். கடுகை நசுக்கினால் உள்ளே மஞ்சள், பிரமதண்டு விதையை நசுக்கினால் வெள்ளை. பட்டையில், தடிமனாக ஒற்றைச் சுருளாக இருப்பது ஒரு ரகம், தாள்தாளாக மெல்லிசாகச் சுருண்டிருப்பது இன்னொரு ரகம். இதெல்லாம் ஒன்றும் ரகசியமில்லை. சந்தையில் காலங்காலமாகக் கை செய்துகொண்டிருக்கும் வேலை. நாலு மிளகை எடுத்து நீட்டி "வாயில போட்டுப் பாரு கண்ணு" என்பார்களே, கொங்குப் பக்கத்தின் ஆகச் சிறந்த விளம்பர வாசகம் அதுதான். கேமராக்காரர் அந்தக் கையைத் தள்ளிவிட்டு "ரேட் சொல்லுங்கக்கா" என்கிறார்.

மலைமேல் இருக்கிற கதையும் அப்படியே கிடக்கிறது. கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். ஏணி வைத்துச் சரம் சரமாகப் பறித்து, உதிர்த்து, களத்தில் காயப்போடுவார்கள். பச்சையாக இருந்தது கறுத்துச் சுருங்கும்போது எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். மூணு கிலோ பறித்தால் ஒரு கிலோ. ஒரே இடத்தில் போனை நிறுத்தி, தினம் ஒரு பத்து நொடி எடுத்து ஒட்டினால் போதும். மிளகு ஏன் இந்த விலை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. டிரோன் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனவர்கள் யாரும் அந்தக் களத்தில் இறங்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

நான் சொல்கிற மாதிரி எடுத்தால் வியூஸ் குறையுமா? குறையலாம். தண்ணீரில் மிளகு போடும் வீடியோவை வட இந்தியாவில் இருக்கும் ஒருவரும் பார்க்கக்கூடும் என்பதால் கூடவும் கூடலாம், ஆனால் அதை நம்பி எடுக்கச் சொல்ல மாட்டேன். இன்னொரு நியாயமான எதிர்வாதமும் உண்டு. சந்தை நாளில் வியாபாரிக்கு மூச்சுவிட நேரமிருக்காது, இதில் எங்கே டம்ளர் வைத்துத் தராசு வைப்பது? சரிதான். இதை முந்தின நாள், சாக்கு பிரிக்கும்போது வீட்டுத் திண்ணையில் எடுக்கலாம். வெளிச்சமும் நன்றாக இருக்கும், கூட்டம் இடிக்காது. காலேஜ் படிக்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

வெளியாள் வந்து காசு வாங்கிக்கொண்டு எடுத்துப்போடும் வீடியோக்கள் தனிக் கதை. "நான் சும்மா சந்தைக்கு வந்தேங்க" என்று ஆரம்பித்து, குறிப்பிட்ட ஒரே கடையில் மட்டும் ஆறு நிமிஷம் நிற்பார். காசோ சரக்கோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. எந்த மொழியில் பேசுகிறாரோ அதே மொழியில், வீடியோவுக்குள்ளேயே தெரிகிற மாதிரி. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை அபராதம் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. "இது பெய்டு புரொமோஷன்" என்று தமிழில் சொல்லிவிட்டுச் சரக்கை நேர்மையாகக் காட்டினால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. சொல்லாமல் செய்வதால் பக்கத்துக் கடைக்காரரின் பிழைப்பில்தான் கை வைக்கிறார்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம், ஆனால் பணம் போகிற விஷயம். மாசியில் எடுத்த ரேட் வீடியோவை ஐப்பசியில் ஒருவர் பார்க்கிறார். அந்த விலை அப்போது இருக்காது. அவர் போன் போட்டுக் கேட்டுச் சண்டை பிடிப்பது கடைக்காரரிடம்தான், சேனல்காரரிடம் இல்லை. தண்ணீரில் மிளகு மூழ்குவது ஐப்பசியிலும் மூழ்கும். விலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் தலைப்பிலேயே மாதத்தையும் வருசத்தையும் போடுங்கள். நான் பார்த்தவற்றில் இரண்டே இரண்டு பேர்தான் போட்டிருந்தார்கள்.